ஏரித் தண்ணீர் ஏறாத படகு

அந்த ஆளிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் விரலால் தொட்டுச் சூடு பார்க்க மாட்டார். மணிக்கட்டின் உட்புறத்தை, நரம்பு ஓடுகிற இடத்தை, மெல்ல ஒட்டிவைத்துப் பார்ப்பார். வெயிலில் நின்ற ஸ்கூட்டர் சீட், இன்வெர்ட்டர் பேட்டரி, என் லேத்தில் கடைந்து அப்போதுதான் கழற்றிய இரும்புத் துண்டு, எல்லாவற்றுக்கும் அதே மணிக்கட்டுதான். வைத்துவிட்டுக் கண்ணை மூடி ஒரு நொடி நிற்பார். பிறகு தீர்ப்பு வரும். "ஆறட்டும்பா."

எனக்கு ஆறுகிற வரைக்கும் காத்திருப்பதெல்லாம் ஆகாத காரியம். பிள்ளையார்பாளையத்தில் லேத் வைத்திருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம், கையும் சட்டென்று ஓங்கிவிடும். "உன்ன அடுப்புல ஏத்தவே வேணாம், சும்மாவே கொதிச்சிக்கினு இருப்ப" என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அப்படிப்பட்ட எனக்கும் அந்த ஆளுக்கும் நான்கு வருஷம் ஒத்துப்போனது என்றால் அதற்கு அவர்தான் காரணம், நான் இல்லை. ஒத்துப்போகாமல் போனதற்குக் காரணம் நான். அவர் நம்பிக்கையில் நான் மண்ணைப் போட்டேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பெருமையாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவது அயோக்கியத்தனம்.

ஊரில் எல்லோரும் அவரை நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் வீடு, சமணக் குடும்பம், கொஞ்சம் நிலம். பெரிய காஞ்சிபுரத்தில் இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ் கடை. என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்துக்குள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே ஷட்டரை இழுத்துவிடுவார். வாடிக்கையாளர் வாசலில் நின்று கத்தினாலும் சரி.

ஒருமுறை முகூர்த்த சீசனில் ஒரு பட்டுக்கடையில் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. நயினாரை எதற்கோ கூப்பிட்டிருந்தார்கள். நானும் கூட இருந்தேன். கல்யாணப் பெண்ணும் அவள் பக்கத்து இருபது பேரும் புடவையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் பின்னால் போனார், ஒயரில் மணிக்கட்டை வைத்தார், மெயினை அணைத்துவிட்டார். கடை முழுக்க இருட்டு. முதலாளி ஓடி வந்து, "யோவ், கல்யாணக் கூட்டம் உக்காந்துக்கினு இருக்குது, இன்னாயா பண்ற!" என்று எகிறினார். "ஒயர் கொதிக்குதுங்க. கால் மணி நேரம் ஆறட்டும். இருட்டுல பட்டு எங்கயும் போவாது" என்றார் நயினார், குரலே உயராமல். முதலாளி திட்டினார், பெண்ணின் மாமன் திட்டினார், எனக்கே கோபம் வந்தது. மனிதர் சுவரில் சாய்ந்து கால் மணி நேரம் நின்றுவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார். அதற்கப்புறம் அந்தக் கடைக்கு அவரைக் கூப்பிடவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம் இருந்தது. வேகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமல் ஏரிக்கரைக்கு நாங்கள் ஏழு பேர் போவோம். ரிமோட் படகு விடுவதற்கு. குழந்தைகள் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டரை அடி நீளம், கண்ணாடி நார் உடம்பு, முழு வேகத்தில் விட்டால் பெங்களூர் ரோட்டில் போகிற பைக்கைப் பிடித்துவிடும். உள்ளே ஒரு மோட்டார், அதற்கு பேட்டரி, இரண்டுக்கும் நடுவில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கன்ட்ரோலர். மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று அதுதான் பிரித்துக் கொடுக்கும். அவ்வளவு கரண்டும் அந்தச் சின்னப் பெட்டி வழியாகப் போவதால் அது கொதித்துப்போகும். நூறு டிகிரியைத் தாண்டினால் கருகிவிடும். படகு ஏரி நடுவில் புகையோடு நிற்கும்.

அதற்கு உலகம் முழுக்க ஒரே வைத்தியம்தான். படகின் சுக்கானில் ஒரு சின்னத் துளை. படகு ஓடுகிற வேகத்தில் ஏரித் தண்ணீர் அதற்குள் ஏறி, குழாய் வழியாகக் கன்ட்ரோலர் மேலிருக்கும் அலுமினியத் தகட்டுக்குள் சுற்றி, சூட்டை வாங்கிக்கொண்டு, படகின் பக்கவாட்டில் சின்னதாகப் பீச்சிக்கொண்டு வெளியே போய்விடும். கரையில் நிற்பவன் அந்தத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். "ஒண்ணுக்குப் போவுதா?" என்று ஒருவன் கேட்பான். "போவுது, போவுது" என்று இன்னொருவன் சொல்வான். போனால் கன்ட்ரோலர் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

நயினார் படகு மட்டும் ஒண்ணுக்குப் போகாது. ஏரித் தண்ணீரை உள்ளே ஏற்றவே மாட்டேன் என்றுவிட்டார். ஊருக்கு வந்திருந்த ஒரு பெண் துறவியின் முன்னால் அவர் ஒரு நியமம் எடுத்துக்கொண்டிருந்தார். வடிகட்டாத தண்ணீரை எதற்கும் பயன்படுத்துவதில்லை என்று. குடிக்க, குளிக்க, பேட்டரிக்கு ஊற்ற, எதற்கும். தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் தீங்கு வரக்கூடாது என்பதற்காக.

நான் சும்மா இருப்பேனா? முதல் மாதமே வம்புக்கு இழுத்தேன். "ஏன் நயினாரே, படகுக்குக் கீழ தண்ணியத் தள்ற விசிறி சுத்துதே, அதுல அடிபட்டா சாவாதா? அது மட்டும் நியமத்துல வராதா?"

அவர் மழுப்பவில்லை. "அடிபடும்பா. இல்லன்னு சொல்லல. கழியால தண்ணிய அடிச்சி, போங்கடான்னு வெரட்டிட்டுத்தான் விடறேன். அதுக்கு மேல என்னால ஆவல. வேகம் புடிக்குது, இன்னா பண்றது? ஆனா உள்ள இழுத்து, கொதிக்கிற தகட்டுல வுட்டு, வெளிய துப்புறது இருக்குதே, அது தெரிஞ்சு செய்யறது. தெரிஞ்சு நான் செய்ய மாட்டேன்."

ஒவ்வொரு முறையும் படகை இறக்குவதற்கு முன் ஒரு மூங்கில் கழியால் கரையோரத் தண்ணீரைத் தட்டுவார். நாங்கள் ஆறு பேரும் படகை ஓட்டி முடித்து, கரையில் ஏற்றிவிட்டு, போண்டா தின்றுகொண்டிருப்போம். இவர் அப்போதுதான் தட்டி முடித்திருப்பார்.

அவர் வீட்டுக் கிணற்றடியில் ஒருநாள் பார்த்தேன். தண்ணீர் சேந்தி, இரண்டாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டினார். சரி, எல்லோரும் செய்வதுதானே என்று நின்றேன். பிறகு அந்தத் துணியைத் திருப்பி, வடிகட்டிய தண்ணீரையே அதன்மேல் ஊற்றி ஒரு சொம்பில் அலசினார். அந்தச் சொம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீர் மட்டம் வரை கொண்டுபோய், மெதுவாகச் சாய்த்தார். "மேலேருந்து கொட்டினா அடிபடுமில்ல" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் கூடவே சிரித்தார். ஆனால் கயிற்றைப் பிடித்திருந்த கை ஆடவில்லை.

ஏரித் தண்ணீர் வேண்டாம் என்றால் சூட்டை என்ன செய்வது? விசிறி வைத்துப் பார்த்தார். மூடிய படகுக்குள் சுடுகாற்றுதான் சுற்றிச் சுற்றி வந்தது. முதல் கன்ட்ரோலர் கருகியது. ஐஸ் துண்டைப் பையில் கட்டி வைத்தார். ஒரு நிமிஷத்தில் உருகிப்போய் இரண்டாவதும் கருகியது. காய்ச்சி வடிகட்டிய தண்ணீரை ஒரு பாட்டிலில் வைத்து, குட்டி பம்பு போட்டு, அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்ற வைத்தார். பாட்டில் தண்ணீரே கொதித்து மூன்றாவதும் போனது. அன்றைக்குப் புகை மட்டும் இல்லை, தீயும் எட்டிப் பார்த்தது.

மூன்றாவது கன்ட்ரோலர் கருகிய படகைக் கரையேற்றியபோது எங்கள் ஆறு பேர் நடுவில் நின்று சொன்னார்: "வீட்ல பொண்ணு கேக்குறா. அப்பா, இது வெளையாட்டா, வீம்பான்னு. எனக்கே தெரியலபா. நாலாவதும் கருகிச்சின்னா வீம்புதான்னு ஒத்துக்கினு நிறுத்திடறேன்."

அவர் சொன்னால் செய்துவிடுவார். பட்டுக்கடை முதலாளியே அசைக்க முடியாத ஆளை நானா அசைக்கப் போகிறேன்? அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். படகு இருக்கும், போண்டா இருக்கும். ஆனால் நான் எகிறும்போது "ஆறட்டும்பா" என்று சொல்ல ஆள் இருக்காது. நாற்பது வயதுக்கு மேல் ஒருவனுக்கு சிநேகிதன் கிடைப்பது சாதாரணமா?

"நான் பாத்துக்கறேன் நயினாரே" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு சொன்னேன்.

யோசனை அவருடையதுதான், கைவேலை என்னுடையது. படகின் அடிவயிற்றில் ஒரு செப்புத் தகட்டைப் பதித்தேன். பாட்டில் தண்ணீர் கன்ட்ரோலரில் சூட்டை வாங்கிக்கொண்டு வந்து, அந்தத் தகட்டின் உட்பக்கம் சுற்றிப் போகும். தகட்டின் வெளிப்பக்கம் ஏரியில் படும். ஏரித் தண்ணீர் வெளியிலேயே இருக்கும், சூட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும். முதல் ஓட்டம் முடிந்ததும் நயினார் படகைக் கவிழ்த்துத் தகட்டில் மணிக்கட்டை வைத்தார். "இதமா இருக்குதுபா. நமக்கு இதமா இருந்தா மீனுக்கும் இதமாத்தான் இருக்கும்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் அது போதவில்லை. ஒரு நிமிஷத்தில் எழுபது டிகிரி, ஒன்றரை நிமிஷத்தில் தொண்ணூற்றைந்து. அவரே வேகத்தைக் குறைத்துவிட்டார். அடுத்த மாதம் தாமலில் பந்தயம் இருந்தது. சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் ஆட்கள் வருவதாக ஏற்பாடு. இரண்டரை நிமிஷ ஓட்டம். "பந்தயத்துல விட்டுப் பாத்துடலாம். கருகினா கருகட்டும். சொன்ன சொல்லு இருக்குது" என்றார். மற்றவர்களிடம் விடைபெறுவதற்குத் தயாராகிற ஆள் மாதிரி அமைதியாகச் சொன்னார். அதுதான் என்னை உசுப்பிவிட்டது.

படகு என் லேத்தில்தான் இருக்கும். மறுநாளே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். சுக்கானைப் புதிதாக, உள்ளே துளை வைத்துக் கடைந்தேன். வெளியே பார்த்தால் பழைய சுக்கான் மாதிரியே இருக்கும். அதிலிருந்து ஒரு குழாயை பேட்டரித் தட்டுக்கு அடியில் மறைத்துக் கொண்டுபோய்க் கன்ட்ரோலரின் தகட்டில் சேர்த்தேன். வெளியேறும் தண்ணீர் பக்கவாட்டில் பீச்சினால் தெரிந்துவிடும் என்று வாலுக்கு அடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே துளையிட்டேன். மேலே ஒரு மூடி போட்டுப் பசை வைத்து ஒட்டினேன். "செம்பு கனமா மாத்தியிருக்கேன். மூடியப் பிரிக்காதீங்க, கசியும்" என்றேன். "நீ சொன்னா சரிபா" என்றார்.

செய்யும்போது எனக்கு ஒரு நியாயமும் இருந்தது. அவர் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டேன். தெரிந்து செய்தால்தானே பாவம்? அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வந்தால் எனக்கு வரட்டும், நான் வாரத்தில் நாலு நாள் மீன் தின்கிறவன், எனக்கென்ன? இப்படி யோசித்து நானே என்னை மெச்சிக்கொண்டேன். என் மூளைக்கு அன்றைக்கு யாராவது விலங்கு மாட்டியிருக்கலாம்.

அடுத்த மூன்று வாரம் அறுபது டிகிரி, அறுபத்திரண்டு. மனிதர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். ஞாயிறு போதாதென்று புதன்கிழமை காலையிலும் ஏரிக்கு வந்தார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் செப்புத் தகட்டை விளக்கினார். மகளைக் கூட்டிவந்து காட்டினார். "பாத்தியா, வீம்பு இல்லடி" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "தேங்க்ஸ் அங்கிள்" என்றது. நான் கீழே குனிந்து இல்லாத திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

பந்தயத்தன்று மழைக்குப் பிந்தைய ஏரி, கரை நிறையத் தண்ணீர். ஒரு ஓட்டத்துக்கு நான்கு படகு. ஓட்டுகிறவன் படகைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அதனால் பக்கத்தில் ஒருவன் நின்று, கன்ட்ரோலரின் சூடு தெரிகிற சின்னத் திரையைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். நயினாருக்குப் படிக்கிறவன் நான்.

அவர் கழியால் தண்ணீரைத் தட்டினார். சென்னைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அவர்களை அடிக்க வேண்டும்போல இருந்தது. நானே என்ன செய்துவைத்திருக்கிறேன் என்பது அப்போது நினைவில் இல்லை.

விசில் ஊதியதும் நான்கும் பாய்ந்தன. முதல் சுற்றில் நயினார் மூன்றாவது. "ஐம்பத்தெட்டு" என்றேன். இரண்டாவது சுற்றில் வேலூர்ப் படகைத் தாண்டினார். "அறுபத்தொண்ணு." மூன்றாவது சுற்றின் திருப்பத்தில் சென்னைப் படகு அலையில் தூக்கிப்போட, அவர் உள்பக்கமாகப் புகுந்து முன்னால் வந்தார். கரையில் எங்கள் ஆட்கள் கத்தினார்கள். "அறுபத்தி மூணு" என்றேன்.

நான்காவது சுற்றில் அது எழுபது ஆனது.

அப்படி ஏறவே கூடாது. என் குழாயில் தண்ணீர் ஓடவில்லை, எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது. பாசியாக இருக்கும், திருப்பத்தில் விழுந்துவிடும் என்று நினைத்தேன். எழுபத்தாறு.

"எவ்ளோபா?" என்றார், கண் ஏரியில்.

எழுபத்தொன்பது என்று திரையில் இருந்தது. "அறுபத்தாறு" என்றேன்.

திருப்பம் வந்தது, போனது. எண்பத்தைந்து. உண்மையைச் சொன்னால் வேகத்தைக் குறைப்பார், தோற்பார், ஏன் ஏறியது என்று மூடியைப் பிரிப்பார். சொல்லாவிட்டால் கருகும். கருகினால் அவர் போய்விடுவார். எண்பத்தொன்பது. இரண்டு பக்கமும் அவரை இழக்கப்போகிறேன் என்று புரிந்தபோது கடைசிச் சுற்றில் பாதி முடிந்திருந்தது. அடுத்த படகுக்கும் இவருக்கும் நல்ல இடைவெளி. தொண்ணூற்று மூன்று.

"சொல்லுபா, எவ்ளோ?"

"அறுபத்தெட்டு."

"பாத்தியா!" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. அதை என்னால் தாங்க முடியவில்லை. தொண்ணூற்றேழு.

"நிறுத்துங்க! நயினாரே, நிறுத்துங்க!"

ஏன் என்று கேட்கவில்லை. ஜெயிக்க இன்னும் இருபது மீட்டர் இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் முடிவுக் கொடி ஆடுகிறது. நான் சொன்ன அந்த நொடியே விரலை எடுத்துவிட்டார். படகு முக்கி நின்றது. மற்ற மூன்றும் அதன் பக்கத்தில் சீறிக்கொண்டு போயின. அவர் ஏரியைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த திரையை எட்டிப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு.

"அறுபத்தெட்டுன்னியே" என்றார்.

ஏரியில் மீன் பிடிக்கிற ஒருவர் தெர்மாகோல் மிதவையில் போய்ப் படகை இழுத்துவந்து கொடுத்தார். நயினார் அதைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைவிட்டுத் தள்ளி, ஒரு வேலமரத்தடிக்கு வந்தார். நான் பின்னாலேயே போனேன். கன்ட்ரோலர் கருகவில்லை. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிலில் தண்ணீர் குறையவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறதே என்று அவருக்குக் குழப்பம்.

"மூடியப் பிரிக்கட்டுமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார்.

பேனாக்கத்தியால் பசையை அறுத்தார். அவருக்குத் தெரியாத குழாய் ஒன்று உள்ளே இருந்தது. விரலால் அதைத் தடவிக்கொண்டே சுக்கான் வரை போனார், திரும்பித் தகடு வரை வந்தார். கண்ணாடிபோல ஊடுருவித் தெரிகிற குழாய். அது தகட்டோடு சேருகிற குறுகிய வாயில் ஒரு மீன்குஞ்சு மாட்டியிருந்தது. நகக்கண் நீளம்தான். உயிருள்ள மீன்குஞ்சு உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற மாதிரி இருக்கும். இது வெந்து வெள்ளையாகியிருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு வாரத்தில் சரியாகியிருக்கும்.

"எத்தினி நாளா?" என்றார்.

"மூணு வாரமா."

உதடு அசைய எண்ணினார். "பத்தொம்பது தடவ ஓட்டியிருக்கோம், இன்னிக்கோட." பிறகு, "ஒண்ணுதான் மாட்டிக்கிச்சு" என்றார்.

மாட்டாமல் போனவை எத்தனை என்று அவர் கேட்கவில்லை. எனக்குக் கேட்டுவிட்டது.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "உங்களுக்குத் தெரியாது இல்ல நயினாரே! நீங்கதான சொன்னீங்க, தெரிஞ்சு செஞ்சாதான்னு! பாவம் எனக்குத்தான், உங்களுக்கு ஒண்ணும் கெடையாது! நீங்க போவக்கூடாதுன்னுதான் செஞ்சேன்!" என்று கத்தினேன். கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாபா. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "ஒனக்குத்தான். அதான் எனக்குத் தாங்கல." பையிலிருந்து வடிகட்டுகிற துணியை எடுத்து அந்தக் குஞ்சை அதில் வாங்கினார். "எங்கள்ல ஒருத்தர் வினைய இன்னொருத்தர் கழிக்க வழியே கெடையாது. இருந்திருந்தா ஒனக்காவ இன்னிக்கே நான் உபவாசம் உக்காந்திருப்பேன். ஒன்னுத நீதான் கழிக்கணும்."

"போய்யா!" என்றேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன். "பெரிய மகான்! ஒரு மீன்குஞ்சுக்கு இந்த ஆட்டமா!" அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து, துணியோடு கரைக்கு நடந்தார். நான் பைக்கை உதைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பெங்களூர் ரோட்டில் பாதி வழியில் கண் மறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

அவர் அதற்குப்பின் ஏரிக்கு வரவில்லை. நான்காவது கருகினால் நிறுத்துகிறேன் என்றவர், கருகாததை வைத்துக்கொண்டு நிறுத்திவிட்டார். படகை வங்கியில் வேலை பார்க்கிற எங்கள் ஆள் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார், என் சுக்கானைக் கழற்றிவிட்டு. ஒருநாள் அவர் கடைக்கு எதிரே அரைமணி நேரம் நின்றேன். உள்ளே எவனுடைய பேட்டரியிலோ மணிக்கட்டை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ரோட்டைத் தாண்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வருஷமே திண்டிவனம் பக்கம் அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போன் நம்பர் இருக்கிறது. கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு என்னத்தைச் சொல்ல?

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் வஞ்சிரம் வறுத்திருந்தாள். தட்டின் முன் உட்கார்ந்தேன், பிறகு எழுந்துவிட்டேன். "இன்னா, ஒடம்பு சரியில்லயா?" என்றாள். "இன்னிக்கு முழுக்கச் சாப்பாடு வேணாம்" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் பசியில் மூன்று பேரிடம் சண்டை போட்டேன், லேத்தில் ஒரு வேலையைக் கெடுத்தேன். மறுநாள் காலை ஏழு இட்லி தின்றேன். அடுத்த வாரமும் பட்டினி இருந்தேன். அதற்கடுத்த வாரமும்.

"யாருக்கோசரம் இதெல்லாம்?" என்று என் வீட்டுக்காரி குடைந்து எடுத்துவிட்டாள். ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி எடுத்து வந்தாள். பிறகு, "மொத்தம் எத்தினி?" என்றாள்.

"பத்தொம்பது."

நடுவில் கல்யாணம், காய்ச்சல் என்று தவறிப்போனவற்றை நான் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏமாற்றுவதை அவரிடம் ஒருமுறை செய்தது போதும். இன்றோடு பதினேழு ஆகிறது. இன்னும் இரண்டு ஞாயிறு முடிந்தால் அவரைக் கூப்பிடுவேன்.